ஆற்றுக்குக் காய்ச்சல் பார்த்தல்

லயன்ஸ் பாலத்தருகே வண்டியை நிறுத்தி இறங்கியபோது காலை ஆறேகால் மணி. அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் மேடிசன் ஆறு டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பாலைத் தாராளமாக விட்ட டீ. முந்தின நாள் சாயங்காலம் மலைமேல் இடி இடித்துப் பெய்த மழை மண்ணைக் கரைத்து, மேற்குக் கிளை என்கிற துணையாறு வழியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்த்தேன். என் பூட்ஸ் எனக்கே தெரியவில்லை.

போஸ்மன் நகரத்திலிருந்து இருட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மேற்குக் கிளை வந்து கலக்கும் இடம் இந்தப் பாலத்துக்குச் சற்று மேலேதான். அதையும் தாண்டி மேலே போய்விட்டால் தண்ணீர் தெளிந்திருக்கும். வண்டியைத் திருப்பி மூன்று டாலர் பாலத்துக்கு விட்டேன். ஒரு காலத்தில் நிலத்துக்காரர் வண்டிக்கு மூன்று டாலர் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விட்டாராம். பாலத்தின் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே ஆறு வேறு ஆறாக இருந்தது. கூழாங்கற்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

தூண்டிலைக் கையில் எடுக்கும் முன்பு நான் செய்கிற முதல் காரியம், சட்டையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் இறக்குவது. நிழலாக, ஓட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். 14 டிகிரி செல்சியஸ். ட்ரவுட் மீனுக்கு இது நல்ல தண்ணீர். பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்ல, போய் விளையாடு' என்று அம்மா சொல்வாளே, அந்த நிம்மதி.

எனக்கு மீன்பிடி பழகியது தாமிரபரணியில். அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா கூட்டிக்கொண்டு போவார். மூங்கில் கம்பு, தங்கூசி, ஒரு சின்ன ஈயக்குண்டு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு மண்புழு. தக்கை அமுங்கினால் சுண்டி இழுப்பது. கெண்டையோ கெளுத்தியோ, கிடைத்தது சித்தியின் குழம்புச் சட்டிக்குப் போகும். அந்தத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. வீசினால் ஈயக்குண்டு போகும், நரம்பு அதன் பின்னால் போகும்.

ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது இறகும் மயிரும் நூலும்தான். ஊதினால் பறந்துவிடும். அதை நாற்பது அடி தூரத்துக்கு எப்படி எறிவது? அதற்காக எடையைக் கயிற்றில் வைத்துவிட்டார்கள். பூச்சுப் பூசிய தடித்த கயிறு. அதைக் கம்பால் தலைக்கு மேலே பின்பக்கம் வீசி, முழுக்க விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் விட வேண்டும். அந்த ஒரு கணம் பொறுப்பது எனக்கு வர ஒரு கோடை முழுக்க ஆனது. கயிற்றின் முனையில் போகப் போக மெலியும் ஒன்பது அடி நரம்பு, அதன் நுனியில் பொய்ப்பூச்சி. கயிறு விரிந்து முடிகிற இடத்தில் பூச்சி தன் கனத்தில் தானாக இறங்கும். சரியாக அமைந்தால் தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இருக்காது.

பொய்ப்பூச்சி கட்டுவது தனிக் கைவேலை. குளிர்காலம் முழுக்க நான் அதைத்தான் செய்கிறேன். நீருக்கடியில் வாழும் பூச்சிக்கு உடம்பு கட்ட, மயில் பீலியின் ஓர இழைகளைப் போல மினுங்குவது எதுவுமில்லை. இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குப் பொய்ப்பூச்சி கட்டியவர்கள் பொன்போல மதித்தது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. அரக்கு வைத்தது போன்ற வெள்ளையும் மஞ்சளுமான பொட்டு அதில் இருக்கும். அந்த ஏற்றுமதியை இந்தியா பிறகு தடை செய்தது, நல்லதாகப் போயிற்று. களக்காட்டில் சித்தப்பாவோடு போனபோது அந்தச் சேவல் கூவிக் கேட்டிருக்கிறேன்.

சரி, ஆற்றுக்கு வருகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். முதல் நாளே அவர் சொன்னது, "ஆற்றுக்குப் போனதும் பத்து நிமிஷம் கம்பைத் தொடாதீங்க. கல்லைப் புரட்டிப் பாருங்க." இன்றைக்கும் அதைத்தான் செய்தேன். கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்பினால் அடியில் ஓர் ஊரே இருந்தது. பொடிக் கற்களை ஒட்டிக் குழாய்போல வீடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் கேடிஸ் புழுக்கள். தட்டையாகக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் நழுவி ஓடும் மேஃப்ளைக் குஞ்சுகள். ஒரு பெரிய ஸ்டோன்ஃப்ளைக் குஞ்சு, என் கட்டைவிரல் நீளம். அதில் சால்மன்ஃப்ளை என்கிற இனம் மூன்று நான்கு வருடம் இப்படிக் கல்லுக்கடியிலேயே கிடந்துவிட்டு, ஜூன் கடைசியில் ஏறி வந்து, இறக்கை முளைத்து, சில நாளில் முடிந்துபோகும். இவை வாழக் குளிர்ந்த, சுத்தமான, ஓடுகிற தண்ணீர் வேண்டும். மீனுக்கு வேண்டியதும் அதுவேதான்.

மேஃப்ளை என்றதும் நம் ஊர் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரினம் வேறு, ஆனால் காட்சி அதே. நேரம் கூடி வந்தால் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் நேரத்தை மழையும் மேகமும் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்யும். இங்கே தண்ணீருக்குள் இருந்த குஞ்சு மேலே மிதந்து வந்து, நீர்ப்பரப்பிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இறக்கை காயும்வரை படகுபோல மிதந்து போகும். வெயில் அடித்தால் இறக்கை சீக்கிரம் காய்ந்து பறந்துவிடும். மேகம் கவிந்திருந்தால் காய நேரமாகும். அந்த நேரம்தான் ட்ரவுட்டுக்குப் பந்தி.

ஒன்பதரை வரை ஒன்றுமில்லை. நீருக்கடிக் குஞ்சு போலக் கனம் வைத்துக் கட்டிய நிம்ஃப் என்கிற பொய்ப்பூச்சியை அடியில் உருட்டி ஒரு சின்ன ரெயின்போ ட்ரவுட் பிடித்தேன், அவ்வளவுதான். பத்து மணி வாக்கில் மேற்கேயிருந்து மேகம் ஏறியது. வெளிச்சம் மங்கியது, காற்று விழுந்தது. என் சட்டைக் கையில் வெளிர்மஞ்சளாக ஒரு மேஃப்ளை வந்து உட்கார்ந்தது, இறக்கைகள் பாய்மரம் போல நிமிர்ந்து. அப்புறம் இன்னொன்று. ஆற்றைப் பார்த்தேன். பெரிய பாறைக்குப் பின்னால், வேக ஓட்டமும் தேங்கலும் சந்திக்கிற கோட்டில், ஒரு முதுகு தெரிந்து மறைந்தது.

அந்த மீனோடு அரை மணி நேரம் போனது.

முதலில் கவனித்தது, அது மூக்கை வெளியே நீட்டவில்லை. நீர்ப்பரப்பில் மிதக்கும் பூச்சியை எடுக்கும் மீன் மூக்கை நீட்டும், காற்றையும் சேர்த்து விழுங்குவதால் ஒரு குமிழி மிஞ்சும். இங்கே குமிழி இல்லை, முதுகுத்துடுப்பும் வால் நுனியும் மட்டும்தான். அப்படியானால் மேலே வந்துவிட்ட பூச்சியை இது சாப்பிடவில்லை. தோலைக் கிழிக்க முடியாமல் பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே தவித்துக்கொண்டிருப்பதை எடுக்கிறது. ஆனாலும் ஆசையில் மிதக்கும் பூச்சியைத்தான் முதலில் கட்டினேன். மூன்று முறை மேலே போட்டேன். மூன்று முறையும் அது பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

பூச்சியை மாற்றினேன். ஃபெசன்ட் பறவையின் செம்பழுப்பு வால் இழையில் கட்டிய மெல்லிய உடம்பு, தலையில் கொஞ்சமாக வாத்தின் பூந்தூவி. பாதி முங்கும், பாதி மிதக்கும். அதையும் இரண்டு முறை மறுத்தது. அப்போதுதான் குறை பூச்சியில் இல்லை, கயிற்றில் என்று புரிந்தது. எனக்கும் மீனுக்கும் நடுவே வேக ஓட்டம் இருந்தது. கயிறு அதில் விழுந்து வளைந்து, பூச்சியை இழுத்துக்கொண்டு போகிறது. உண்மைப் பூச்சி ஓட்டத்தோடு போகும், கோடு கிழித்துக்கொண்டு போகாது. அரை அடி இழுவை போதும், வயதான ட்ரவுட் கண்டுபிடித்துவிடும். பாசி வழுக்குகிற கல்லில் கோல் ஊன்றி, இரண்டு அடி கீழ்ப்பக்கமாக நகர்ந்து நின்றேன். கோணம் மாறியது. கயிறு விழுந்த கையோடு கம்பு நுனியால் அதைத் தூக்கி ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வளைத்துப் போட்டேன். பூச்சி தன்போக்கில் போனது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் முதுகு மேலே வந்தது.

பிரவுன் ட்ரவுட், பதினாறு அங்குலம் இருக்கும். வயிறு வெண்ணெய் மஞ்சள். மேலே கறுப்புப் புள்ளிகள், நடுப்பக்கவாட்டில் சில சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நீல வளையம். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கையை நனைத்து, முள்ளைக் கழற்றினேன். முள்ளின் எதிர்முனையைக் குறடால் முன்பே நசுக்கிவிடுவதால் ஒரு திருப்பலில் வந்துவிடும். ஓட்டத்தைப் பார்த்துத் தலையைப் பிடித்தேன். செவுள் இரண்டு முறை திறந்து மூடியது. என் உள்ளங்கையை வாலால் அடித்துவிட்டுப் பாறைக்குப் போய்விட்டது.

இந்த மீன் இந்த ஆற்றுக்கு வந்தேறி. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்த இனம். ரெயின்போ பசிபிக் கரைப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. மேடிசனின் பழங்குடிகள் கட்த்ரோட் ட்ரவுட், கிரேலிங், ஒயிட்ஃபிஷ். நம் நீலகிரியிலும் இதே கதைதான். ஆங்கிலேயர்கள் பல முறை முயன்று தோற்று, கடைசியில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். வந்தேறி என்பதால் இதன்மேல் எனக்கு அன்பு குறையவில்லை. பழங்குடி மீன்களுக்கு அதனால் போன இடத்தை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஆனால் இப்போது இங்கே இருப்பது பண்ணை மீன் அல்ல. ஆற்றுச் சரளையில் பொரித்து ஆற்றிலேயே வளர்ந்தது. டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் இதே மேடிசனில் ஆய்வு செய்து, பண்ணை மீனைக் கொண்டுவந்து விட்டால் ஆற்று மீன் குறைகிறது, நிறுத்தினால் பெருகுகிறது என்று காட்டினார். 1974இல் மொன்டானா மாநிலம் ட்ரவுட் வாழும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே நிறுத்தியது. அப்புறம் 1994இல் சுழல் நோய் இந்த ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. குஞ்சுகளின் முதுகெலும்பைக் கோணலாக்கி, வாலைத் துரத்துவது போலச் சுழன்று சுழன்று சாகவைக்கும் ஒட்டுண்ணி. மேல் மேடிசனில் ரெயின்போ ஏறக்குறைய 90 சதவீதம் அழிந்தது. இதையெல்லாம் தாண்டி வந்த மீனின் வாரிசுகள்தாம் என் கையில் வாலடித்துவிட்டுப் போகின்றன.

நான் மொன்டானாவுக்கு வந்தது 2016 ஜூனில். அந்த ஆகஸ்டிலேயே பக்கத்து யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கான ஒயிட்ஃபிஷ் செத்து மிதந்தன. சிறுநீரகத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி. வற்றிய, சூடேறிய தண்ணீர் அதற்கு வசதி செய்துகொடுத்திருந்தது. ஆகஸ்ட் 19 அன்று 183 மைல் நீளத்துக்கு ஆற்றையே மூடிவிட்டார்கள். மீன் பிடிக்க மட்டுமல்ல, படகு விட, குளிக்க, எதற்கும் இறங்கக் கூடாது. ஓர் ஆற்றைப் பூட்ட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் 2021 நவம்பர் 30. மேடிசனுக்குக் குறுக்கே உள்ள ஹெப்கன் அணையில் மதகின் ஒரு பாகம் உடைந்து கதவு இறங்கிவிட்டது. சுமார் 650 கன அடி போய்க்கொண்டிருந்த தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வற்றியது. மேட்டூர்ச் செய்தியில் நாம் கேட்டு வளர்ந்த அதே கன அடிதான். பிரவுன் ட்ரவுட் இலையுதிர்காலத்தில்தான் சரளையைத் தோண்டி முட்டையிடும். அந்த முட்டைகள் கிடந்த சரளை வெளியே தெரிந்தது. செய்தி பரவி, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வாளியோடு வந்தார்கள். நானும் போனேன். கல்லுக்கு நடுவே உள்ளங்கையளவு குட்டையில் விரல் நீள ட்ரவுட் குஞ்சுகளும், தலை பெருத்த ஸ்கல்பின் மீன்களும் துடித்துக்கொண்டிருந்தன. அள்ளி அள்ளி ஓட்டத்தில் விட்டோம். பக்கத்தில் குனிந்திருந்தவர் யார், என்ன பேர் என்று எதுவும் தெரியாது. சாயங்காலம் விரல்கள் மரத்து வண்டிக் கதவைத் திறக்க முடியவில்லை, அவர்தான் திறந்துவிட்டார்.

இவை ஊரறிந்தவை. எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. தெர்மாமீட்டர் என் சட்டையில் ஏறியது அதனால்தான்.

சில கோடைகளுக்கு முன்னால், என்னிஸ் ஏரிக்குக் கீழே. அந்த ஏரி ஆழமில்லாதது, வெயில் முழுக்க அதில் இறங்கும், அதனால் கீழ் மேடிசன் எப்போதுமே சூடு. பிற்பகல் மூன்று மணி. அந்த நாளுக்கு மீன்பிடித் தடை எதுவும் இல்லை. தண்ணீரில் நிற்க இதமாக இருந்தது. அந்த இதமே எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும், படவில்லை. நல்ல ரெயின்போ ஒன்று மாட்டியது. ரொம்ப நேரம் போராடியது. விட்டேன். பக்கவாட்டில் சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தினேன், மறுபடி சாய்ந்தது. ஓட்டத்தில் தலையை வைத்துக் கால் மணி நேரம் அப்படியே குனிந்திருந்தேன். செவுள் அசைவது குறைந்துகொண்டே வந்து நின்றது. வெள்ளை வயிறு மேலே திரும்ப, மெதுவாகக் கீழே போனது.

வீட்டுக்கு வந்து படித்தேன். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். மலையுயரத்தில் இரண்டுமே இன்னும் குறைவு. தண்ணீர் சூடாக ஆக மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், தண்ணீரிலோ குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் ஓடவிடுவது, காய்ச்சலில் கிடப்பவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது. பிடித்து விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, அந்தச் சூட்டில் பொருளே இல்லை.

மொன்டானாவில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் 73 ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடலாம். ஆந்தை கத்துகிற விடியலிலேயே வேலையை முடித்துவிடும் மரம்வெட்டிகளின் வழக்கத்தை வைத்து 'ஹூட் அவுல்' தடை என்பார்கள். நல்ல விதி. ஆனால் 23 என்பது ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம். 20 டிகிரியிலேயே ட்ரவுட் திணற ஆரம்பித்துவிடும். அதிலும் மூன்று நாள் காத்திருப்பது என்றால், முதல் இரண்டு நாள் மாட்டிய மீனுக்கு யார் பதில் சொல்வது? என் கணக்கு 19.

பதினொன்றரைக்கு மேகம் கலைந்தது. வெயில் விழுந்த ஐந்து நிமிடத்தில் மேஃப்ளைகள் காணாமல் போயின. பாறைக்குப் பின்னாலும் அசைவில்லை. மான்மயிரில் கட்டிய கேடிஸ் பூச்சியை எடுத்துக் கரையோரமாகப் போட்டுக்கொண்டே நடந்தேன். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் 17. பள்ளத்தாக்கில் தினமும் வரும் காற்று அன்றும் வந்து கயிற்றை முகத்தில் திருப்பி அடித்தது. ஒரு மணிக்கு 18. தெற்கே மறுபடி இடிமேகம் திரண்டது. கையில் இருப்பது ஒன்பது அடி கார்பன் கம்பு, இடிதாங்கி மாதிரி. முதல் முழக்கம் கேட்டதும் கரையேறி, கம்பைக் கீழே கிடத்திவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். நாலு சொட்டுத் தூறிவிட்டு மேகம் வடக்கே போனது.

இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். 19.

கம்பை நான்காகக் கழற்றி உறையில் போட்டேன். பாறைக்குப் பின்னால் காலையில் பார்த்த அதே கோட்டில் ஒரு வளையம் விரிந்தது. ஒரு தத்துக்கிளி விழுந்திருக்க வேண்டும். கம்பு உறையில்தான் இருந்தது. அடுத்த வளையம் வரும்வரை நின்று பார்த்தேன், வந்தது. இன்னொன்றும் வந்தது.

இரவு எட்டு மணிக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மறுநாள் காலை ஏழரை. ஆற்றில் குளித்துவிட்டு டீக்கடையில் இருந்தார்.

"என்னலே, இன்னிக்கு எத்தன?"

"ரெண்டு, சித்தப்பா."

"ரெண்டையும் விட்டுட்டியாக்கும்?"

"விட்டுட்டேன்."

பிடித்த மீனை ஏன் விடுகிறேன் என்று முன்பெல்லாம் கேட்பார். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இப்போது கேட்பதில்லை. "தண்ணி எப்படி கெடந்துது?" என்றார்.

"காலைல பதினாலு. ரெண்டு மணிக்குப் பத்தொம்பது. ஏறிட்டேன்."

"சரிதான்." டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இங்க பாபநாசத்துல தொறந்துருக்காவ. படித்துறைல மூணு படி ஏறிக் கெடக்கு. கால வைக்க முடியல, அப்படி ஜில்லுன்னு இருக்கு."